எட்டாவது சுற்றில் விடுபட்ட அடி

வியாசர்பாடி, சென்னை-39
19.1.2000

அமீருதீன் அவர்களுக்கு,

குணசேகரன் எழுதுவது. ‘அவர்களுக்கு’ என்று போட்டதைப் பார்த்து நீ சிரிக்கலாம். மூன்றாம் வகுப்பிலிருந்து ‘மாமு’ என்று கூப்பிட்ட வாய்தான். இரண்டு வருஷமாக நமக்குள் பேச்சில்லை, அந்த வார்த்தை இப்போது கைக்கு வரவில்லை. உன் முகவரியை ராயபுரத்துக்குப் போய் உன் தங்கச்சி சபீஹாவிடம் வாங்கினேன். கப்பல் வேலையை விட்டுவிட்டு லாகோஸ் துறைமுகத்தில் கிரேன் பட்டறையில் ஒப்பந்தத்துக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று சொன்னாள். டீ கொடுத்தாள், குடித்தேன். சண்டை உன்னோடுதான், அவளோடு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். காணும் பொங்கலன்று பர்மா பஜார் பக்கம் போயிருந்தேன். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் பழைய கேசட்டுகளை நடைபாதையில் குவித்துப் போட்டு விற்பாரே கலீலுல்லா பாய், அவரிடம் ஒன்று கிடைத்தது. அட்டையில் ஒரு கிரேன் கொக்கி ஒரு முழு வீட்டைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. கீழே வரிசையாக பூட்ஸ் கால்கள். லாகோஸ் என்று போட்டிருக்கிறது, தலைப்பு அவர்கள் ஊர் இங்கிலீஷில் இருக்கிறது. துறைமுகத்தைத் தின்றது யார் என்று கேட்கிறார்கள் என்பது வரை எனக்குப் புரிந்தது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்காக எத்தனை வீட்டு வாசலை இடித்தார்கள் என்று பார்த்தவன் இந்தப் படத்தை எப்படிக் கீழே வைப்பேன்? வாங்கி வந்துவிட்டேன்.

முதல் பக்கத்தைப் போட்டால் பதினோரு நிமிஷம் பாட்டே வரவில்லை. வெறும் டிரம், கிடார், டிரம்பெட். வாய்ப்பாட்டு இல்லாத கேசட் போல என்று எழுந்து முகம் கழுவப் போனேன். அப்போது ஒருவன் ஆரம்பித்தான். பாடுகிறானா, யூனியன் கேட் மீட்டிங்கில் பேசுகிறானா என்று சொல்ல முடியவில்லை. அவன் ஒன்று கேட்க, பெண்கள் கூட்டமாகப் பதில் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. திருப்பிப் போட்டேன்.

இரண்டாவது பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஒன்பதாவது நிமிஷத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடுகிறது. ஒரு டின் மட்டும் தாளம் போடுகிறது. அமீரு, அது எங்கள் அண்ணனுடைய அடி.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வேலப்பன், சாவு வீட்டில் பாமாயில் டின்னைக் கவிழ்த்து வைத்து கானா பாடிய வேலப்பன், அவர் அடித்த அதே அடி. அண்ணன் பாட்டைப் பதிவு செய்த கேசட் உலகத்திலேயே ஒன்றுதான். 96-இல் எங்கள் வீட்டில் வைத்து நீதான் உன் டேப்பில் எடுத்தாய். 97 செப்டம்பரில் மஞ்சள் காமாலையில் அண்ணன் போனார். பதினாறாம் நாளைக்குப் போட அந்தக் கேசட்டைக் கேட்டு எழுதினேன். கேபினில் கடல் தண்ணீர் புகுந்து கெட்டுப்போய்விட்டது என்று பதில் எழுதினாய். அதை எதற்குக் கப்பலுக்கு எடுத்துப் போனாய் என்று நான் கண்டபடி திட்டினேன். அத்தோடு நம் பேச்சு நின்றது.

கெட்டுப்போன கேசட்டின் அடி லாகோஸ்காரன் பாட்டுக்குள் எப்படி வந்தது? எனக்கு இதற்குப் பதில் வேண்டும்.

குணசேகரன்

லாகோஸ்
14.2.2000

அன்புள்ள மாமு,

நீ கூப்பிடாவிட்டாலும் நான் கூப்பிடுவேன். உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். கிரேன் ஓட்டுகிற இம்மானுவேல் என்ன விசேஷம் என்று கேட்டான். திட்டு வந்திருக்கிறது என்றேன்.

அந்தக் கேசட் இங்கே பெரிய விஷயம். ரேடியோவில் போட மாட்டார்கள், மினிபஸ்ஸில் போடுவார்கள். பட்டாளத்து ஆட்சி இருந்த 98-இல் வந்தது. கன்டெய்னர் அடுக்குவதற்காகக் கரையோரக் குடிசைகளை ஒரே காலையில் இடித்துத் தள்ளினார்களாம். அதைத்தான் பாடியிருக்கிறார்கள். பாடுகிறவன் பெயர் கோலா. எட்டு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். இப்போது பட்டாளம் போய் ஓட்டுப் போட்ட அரசு வந்துவிட்டது, ஆளும் வெளியே வந்துவிட்டான்.

இந்த வகைப் பாட்டுக்கு ஆஃப்ரோபீட் என்று பெயர். எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை, அதனால் பட்டறை ஸ்டோரில் இருக்கும் பெரியவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதியவர். அவர் அக்கக்காகப் பிரித்துக் காட்டினார். அடியில் ஓடுகிற தாளம் இவர்கள் கோயில் மேளத்தினுடையது. ஒரே கம்பியைச் சுரண்டிக்கொண்டே இருக்கிற கிடார் அமெரிக்கக் கறுப்பர்களின் நடனப் பாட்டிலிருந்து வந்தது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ஜாஸ். இனிப்பாக ஒரு மெட்டு நடுநடுவே வரும், அது ஹைலைஃப், அந்தக் காலத்தில் இங்கே எல்லாக் கல்யாணத்திலும் வாசித்தது. ஆர்கன் சர்ச்சிலிருந்து வந்தது. பெண்கள் பதில் சொல்வது எதிலிருந்து என்று கேட்டேன். “அது எல்லா வீட்டிலும் உண்டு” என்று சிரித்தார்.

இத்தனை ஊர் சரக்கு கலந்த பாட்டில் எங்கோ ஓர் இடத்தில் அண்ணன் அடி மாதிரி ஓர் அடி வருவது அதிசயமா? எல்லோருக்கும் இருப்பது பத்து விரல்தான். டின்னும் எல்லா ஊரிலும் டின்தான். நம் கேசட்டைப் பற்றி நான் அன்றைக்கு எழுதியதுதான், தண்ணீர் புகுந்துவிட்டது. அதையே ஏன் திரும்பக் கிளறுகிறாய்?

அண்ணி எப்படி இருக்கிறார்கள்? குழந்தை மகிழினி வளர்ந்திருப்பாள்.

உன் கடிதத்தை எதிர்பார்க்கும்
அமீரு

வியாசர்பாடி
9.3.2000

அமீருதீனுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை வைத்துக்கொண்டு அந்தக் கேசட்டை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. திருவொற்றியூரில் வெல்டிங் பட்டறைக்குப் போகும்போதுகூட அந்தக் கிடார் காதில் சுரண்டிக்கொண்டே இருக்கிறது. பெரியவர் சொன்னது சரி. ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்கப் பழகிவிட்டேன். அந்த டிரம்பெட் வருகிற இடத்தில் எனக்கு ராயபுரம் சர்ச்சிலிருந்து சவ ஊர்வலம் போகும்போது வாசிக்கிற பேண்டுதான் ஞாபகம் வருகிறது. பெண்கள் பதில் சொல்வது எனக்கும் புதிது இல்லை. நம் பக்கத்துத் தண்ணீர் லாரி வரிசையில் நின்றவனுக்கு அது தெரியும்.

ஆனால் ஆசையாகப் பட்டியல் போட்டுவிட்டு அதற்குள் போய் ஒளிந்துகொண்டாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், பதில் சொல். அந்த டின் தாளம் ஏழு சுற்று ஒழுங்காகப் போகிறது. எட்டாவது சுற்றில் கடைசி அடி இல்லை. வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த சுற்று ஆரம்பிக்கிறது. திரும்ப ஏழு, திரும்ப எட்டில் ஓட்டை. பாட்டு முடியும்வரை இப்படியே. நான் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன்.

அந்த ஓட்டை என்ன என்று உனக்கும் எனக்கும் தெரியும். அண்ணன் அடிக்கும்போது வாயில் பீடி இருக்கும். எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை இழுக்காவிட்டால் பீடி அணைந்துவிடும். அதனால் எட்டாவது சுற்றின் கடைசி அடியை விட்டுவிட்டுக் கையைத் தூக்கி ஓர் இழுப்பு இழுப்பார். அண்ணி ரமாபாய் அடுப்படியிலிருந்து திட்டிக்கொண்டே இருப்பார்கள். நீ பதிவு செய்த அன்றும் அப்படித்தான் நடந்தது. பத்து விரல் எல்லோருக்கும் உண்டு அமீரு. எட்டாவது சுற்றில் அணையப் போகும் பீடி எல்லோருக்கும் உண்டா?

நான் உன்னோடு சண்டைக்கு நிற்பது எனக்காக இல்லை. அண்ணன் போகும்போது மகிழினிக்குப் பதினோரு மாதம். இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். போன வாரம் சுவரில் இருக்கும் போட்டோவைக் காட்டி, “இந்த அப்பா எப்டி பேசும் சித்தப்பா?” என்று கேட்டாள். நான் பேசிக் காட்டினேன். “அது உன் கொரலு” என்று சொல்லிவிட்டாள். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அந்தக் குழந்தைக்கு அவள் அப்பாவின் குரலைக் கேட்க வைக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

கேசட் எங்கே?

குணசேகரன்

லாகோஸ்
2.4.2000

மாமு,

இதற்கு முன்னால் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றும் நன்றாக இருந்தன. அதனால்தான் கிழித்தேன்.

தண்ணீர் புகவில்லை. நான் கொடுத்துவிட்டேன்.

97 பிப்ரவரியில் எங்கள் கப்பல் இங்கே நின்றது. துறைமுக வாசலில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே ஒருவன் கரண்டியால் பாட்டில்களைத் தட்டிக்கொண்டிருந்தான். டுண்டே என்று பெயர், கோலாவின் குழுவில் டிரம் அடிக்கிறவன். என் வாக்மேனில் அண்ணன் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதில் மாட்டிவிட்டேன். மூன்று தடவை திருப்பிக் கேட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் தன் குழுவின் கேசட் ஒன்றைக் கொடுத்தான், நான் இதைக் கொடுத்தேன். விற்கவில்லை மாமு, மாற்றிக்கொண்டோம். அண்ணன்தான் ஊரில் இருக்கிறாரே, போனதும் இன்னொன்று பதிவு செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஏழு மாதத்தில் உன் கடிதம் வந்தது.

அண்ணன் செத்துவிட்டார், கேசட்டைக் கேட்கிறாய், நான் அதை முன்பின் தெரியாத ஒருவனிடம் கொடுத்திருக்கிறேன். எப்படி எழுதுவேன்? கடல்மேல் பழியைப் போட்டேன்.

இந்த ஊர் ஒப்பந்தத்தை நான் எடுத்ததே அதைத் தேடத்தான். வந்த இரண்டாவது வாரம் ஒரு மினிபஸ்ஸில் அந்தப் பாட்டைக் கேட்டேன். ஒன்பதாவது நிமிஷம் வந்தது. இறங்கி நடந்தே வந்துவிட்டேன். அதன் பிறகு தேடப் பயம். தேடி, இல்லை என்று சொல்லிவிட்டால்? அதனால் உனக்குப் பட்டியல் எழுதினேன்.

அண்ணியிடம் சொல்லிவிடாதே. சொல்லாதே என்று கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

அமீருதீன்

வியாசர்பாடி
24.4.2000

அமீருதீன்,

படித்தேன். என்னிடம் கெட்ட வார்த்தை நிறைய இருக்கிறது, இன்லண்ட் லெட்டராக இருந்தால் இடம் பத்தியிருக்காது. இது ஏரோகிராம், இருந்தும் எழுதவில்லை.

டுண்டேயைப் போய்ப் பார். இல்லை என்று சொன்னால் இல்லை என்று எழுது. இனிமேல் எனக்குக் கடல் கதை வேண்டாம்.

குணசேகரன்

லாகோஸ்
18.6.2000

மாமு,

கண்டுபிடித்துவிட்டேன், ஆளை. கேசட்டை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ ஒவ்வொரு வரியாக ஆசைப்பட்டுக்கொண்டு படிக்க வேண்டாம்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். குழு கலைந்துவிட்டது. டுண்டே இப்போது மினிபஸ் ஓட்டுகிறான். வண்டி வரிசையில் நிற்கும்போது போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனே ஸ்டீயரிங்கில் தட்டிக் காட்டினான். எட்டாவது சுற்றில் சரியாக விட்டான்.

அந்தக் கேசட்டை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். எந்த மேளத்தில் அடித்தாலும் அந்தச் சத்தம் வரவில்லையாம். ஒருநாள் குழுவுக்குச் சமைக்கிற அம்மா காலி டின்னைக் கீழே போட்டிருக்கிறார். இங்கேயும் பாமாயில் டின்தான் மாமு. அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

குரலை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். செத்தவருக்காகப் பாடுகிறார் என்பது மொழி தெரியாமலே புரிந்துவிட்டதாம். யாருடைய சாவு என்று தெரியாமல் அதை எடுத்துப் பாடுவது தப்பு, அதனால் கையை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்றான். பட்டாளத்தை எதிர்த்துப் பாடியவர்களுக்கு இதில் இவ்வளவு கூச்சம்.

ஆல்பம் வெளிவந்த மூன்றாம் வாரம் பட்டாளத்தார் அவர்கள் ஒத்திகை பார்க்கும் கொட்டகைக்கு வந்திருக்கிறார்கள். வாத்தியங்களை உடைத்து, கேசட்டுகளை ரோட்டில் கொட்டி, லாரியை மேலே ஏற்றியிருக்கிறார்கள். அதில் நம்முடையதும் போய்விட்டது. டுண்டேயின் வலது மணிக்கட்டு அன்று உடைந்தது, இன்னும் முழுசாக மடங்கவில்லை. அவனுக்கு முன்னால் நின்றுகொண்டு என் கேசட் எங்கே என்று அதட்ட எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஓட்டையைப் பற்றிக் கேட்டேன். அதற்காகத்தான் அந்தப் பாட்டையே கட்டினோம் என்றான். ஏழு சுற்று வீடுகள் நிற்கின்றன, எட்டாவதில் ஒரு வீடு இல்லை. மேடையில் வாசிக்கும்போது அந்த இடம் வந்தால் கூட்டம் மொத்தமும் இடிக்கப்பட்ட ஒரு தெருவின் பெயரைக் கத்துமாம். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு தெரு. இப்படி ஒன்றை யோசித்த மனிதர் பெரிய ஞானியாக இருக்க வேண்டும் என்று கோலா சொல்வானாம்.

நான் உண்மையைச் சொல்லலாமா, வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தவித்தேன். பிறகு சொன்னேன். பீடி என்றால் என்ன என்று விளக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. புரிந்ததும் ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். பின்னால் உட்கார்ந்திருந்த பயணிகள் வண்டியை எடுக்கச் சொல்லித் திட்டினார்கள். சிரித்து முடித்துவிட்டு அந்த மனிதர் பெயர் என்ன என்று கேட்டான். மூன்று வருஷமாக அவர்களுக்கு அது தெரியாது. கேசட்டின் மேல் நான் தமிழில் எழுதியிருந்ததை ஏதோ கோலம் என்று நினைத்திருக்கிறார்கள்.

வேலப்பன் என்று சொல்லிக்கொடுத்தேன். தன்னிடமிருந்த ஆல்பம் அட்டையில் வாசித்தவர்கள் பட்டியலுக்குக் கீழே தன் கையாலேயே எழுதினான். இங்கிலீஷில் இரண்டு எழுத்து தப்பு, நான் திருத்தவில்லை. அட்டையை இதோடு வைத்திருக்கிறேன்.

குரல் போய்விட்டது மாமு. மகிழினிக்கு நான் கொடுக்க வேண்டியதைத் தொலைத்துவிட்டேன். நீ திட்டினாலும் சரி, எழுதாமல் இருந்தாலும் சரி.

அமீரு

வியாசர்பாடி
20.7.2000

மாமு,

ஆமாம், மாமு என்றுதான் போட்டிருக்கிறேன். காரணத்தைக் கேள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் அப்படியே பாக்கெட்டில் வைத்திருந்தேன். அண்ணியிடம் எதையும் சொல்லவில்லை. இந்தக் கேசட்டை இதுவரை அவர்கள் காதில் போட்டதும் இல்லை. எதிர் வீட்டு அன்பரசனிடம்தான் டேப் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டுவிட்டு வருவேன். குரல் இல்லாத கேசட்டைக் காட்டி அவர்களை அழவைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அன்பரசன் டேப்பை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டான். தினமும் அவன் வீட்டுக்கு வந்து கறுப்பர் பாட்டுக் கேட்கிறேன், என்னதான் இருக்கிறது என்று அவனுக்கும் தெரிய வேண்டுமாம். கேசட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டான், அதுவும் இரண்டாவது பக்கத்தை. அண்ணி வாசலில் உட்கார்ந்து காசிமேட்டு மீனை அரிந்துகொண்டிருந்தார்கள், முதுகு எங்கள் பக்கம். மகிழினி பக்கத்தில் உட்கார்ந்து செதிலை எண்ணிக்கொண்டிருந்தாள். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஓடட்டும் என்று விட்டேன்.

டின் வந்தது. அன்பரசன் என்னைப் பார்த்தான், அவனுக்கும் அண்ணன் அடி தெரியும். அண்ணி நிமிரவில்லை. முதல் எட்டாவது சுற்று போனது. அரிவாள்மணையின் சத்தம் மட்டும் நின்றது. இரண்டாவது எட்டாவது சுற்றில் அந்த ஓட்டை வந்ததும், அண்ணி திரும்பாமலேயே சொன்னார்கள்:

“அந்தப் பீடிய கீய வெச்சிட்டுத்தான் அடியேன், இன்னா அவ்ளோ அவசரம்.”

எத்தனை வருஷம் சொன்ன வார்த்தை. அதுவாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. கையில் பாதி அரிந்த வஞ்சிரம். அப்படியே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டின் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

மகிழினி சுற்றுமுற்றும் பார்த்தாள். வீட்டில் யாரும் பீடி குடிக்கவில்லை. “யாரம்மா திட்ற?” என்று கேட்டாள்.

“உங்கப்பன” என்றார்கள் அண்ணி.

குழந்தை போட்டோவைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள். பிறகு டேப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த ஓட்டை வந்ததும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். திட்டு வருகிறதா என்று பார்க்கிறாள் மாமு. அண்ணிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, ஆனாலும் திட்டினார்கள். கேசட் முடியும்வரை ஒவ்வொரு எட்டாவது சுற்றுக்கும் ஒரு திட்டு. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. சொல்லப்போனால், அங்கே கோலாவின் கூட்டம் தெருப் பெயரைக் கத்துகிற அதே இடத்தில்தான் இங்கே இது நடந்தது.

மூன்று வருஷமாக அந்தக் குழந்தைக்கு அப்பா என்றால் மாலை போட்ட ஒரு போட்டோ. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் அம்மாவிடம் திட்டு வாங்குகிற ஆள். அப்பா ஏன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று என்னிடம் நியாயம் கேட்கிறாள். குரலைப் பற்றி இப்போதைக்குக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்பாள், நீ செய்தது தப்புதான், அதில் மாற்றம் இல்லை.

அதன் பிறகு அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டுண்டே எழுதிய அட்டையைக் காட்டினேன். பெயரின்மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தார்கள். அந்தப் பையன் கை சரியாகிவிடுமா என்று விசாரித்தார்கள். உன்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கடிதம் எழுதப் போகிறேன், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்துதான் பதில் சொன்னார்கள்:

“லெட்டர்ல இன்னாத்த சொல்றது. லீவு வுட்டா வரச் சொல்லு. அவனயும் நேர்ல நிக்க வெச்சித் திட்டணும்.”

வந்துவிடு மாமு.

ஜெய்பீம்.
குணா